ஹார்மோன் குறையும் வயதில் புராஸ்டேட் ஏன் வளர்கிறது?

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திலிருந்து ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 63. இப்போது மஞ்சளும் வாழையும் போட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற ஆண்டு ஊர் நோம்பித் திருவிழா சமயத்தில் அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு வேளை போட்டார். அன்றிரவு சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டது. ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் குழாய் வைத்தார்கள். சில நாளில் குழாயை எடுத்தபின் சிறுநீர் தானாகவே பிரிந்தது. ஸ்கேனில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி) 58 கிராம். ஒன்றரை மாதம் கழித்து எடுத்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) 5.8. அப்போதிருந்து டாம்சுலோசின், டுட்டாஸ்டிரைடு இரண்டும் சேர்ந்த ஒரு கேப்ஸ்யூலை இரவில் போடுகிறார். ஆறாம் மாதம் பி.எஸ்.ஏ. 2.4. இந்த மாதம் 3.1. ‘4-க்குள் இயல்பு’ என்று ஆய்வகத் தாளில் அச்சிட்டிருப்பதால் புற்றுநோய் பயம் தீர்ந்தது என்று நினைக்கிறார். கடந்த இரண்டு மாதமாகக் கேப்ஸ்யூலை ஒன்றுவிட்ட நாள்தான் போடுகிறார். ஆசை குறைந்ததும், விந்து மிகவும் குறைந்ததும் காரணம்.

அவருடைய கேள்விகள்: வயதானால் ஆண் ஹார்மோன் குறைகிறது, பிறகு இந்தச் சுரப்பி மட்டும் எப்படி வளர்கிறது? செல் பெருகும்படி சமிக்ஞை வருகிறது என்றால் அது புற்றுநோயின் முதல் படிதானே? செல்லைப் பெருகத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளையே நேராக அடைக்கும் மாத்திரை ஏன் தருவதில்லை? மச்சான் சொல்வதுபோல் ஒரேயடியாக அறுவை செய்துகொண்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பங்காளி வீட்டில் காய்ச்சித் தரும் நெருஞ்சில் கஷாயம் போதுமா? கடைசிப் பக்கத்தில் உபரிச் செய்திகளாகச் சில: அடுத்த மாதம் கோவையில் கண்புரை அறுவை, மகன் முடி உதிர்வதற்கு ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறார், நான்கு மாதக் கர்ப்பிணியான மருமகள்தான் இவருடைய மாத்திரைப் பெட்டியை நிரப்புகிறார், ஊரில் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடத்தித் தானும் ரத்தம் கொடுக்கிறார்.

ஐயா, உபரி என்று நீங்கள் ஒதுக்கிய அந்தக் கடைசிப் பக்கம்தான் எனக்கு அவசரமாகப் பட்டது. எனவே இதைப் படித்ததும் ஒரு வேலை செய்துவிடுங்கள்: கண் மருத்துவமனைக்குப் போன் செய்து, “டாம்சுலோசின் சாப்பிடுகிறேன்” என்று சொல்லி, அதை உங்கள் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். காரணம் தெரியாமல் மாத்திரையை விழுங்க மனம் வராதவர் நீங்கள் என்று கடிதமே சொல்வதால், அறிவியலை முதலில் பேசிவிடுவோம்.

வளர்ச்சிக்கான ஆணை எங்கே பிறக்கிறது

உங்கள் தர்க்கம் சரி. எடுத்துக்கொண்ட அளவுதான் வேறு. நீங்கள் பார்ப்பது ரத்தத்தில் ஓடும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை. புராஸ்டேட் நம்பியிருப்பதோ, தனக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற டி.எச்.டி.யை. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பிக்குள் நுழைந்ததும், 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டி.எச்.டி.யாக மாற்றிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் பற்றும் அதே ஆண்ட்ரோஜன் ஏற்பியை (ஆண் ஹார்மோனின் செய்தியை வாங்கும் செல் புரதத்தை) டி.எச்.டி. இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது; சீக்கிரம் விடுவதில்லை. பவானிசாகர் அணையில் நீர்மட்டம் இறங்கிய பிறகும், மடை அடைத்த வயலில் தண்ணீர் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான், ரத்தத்தில் ஹார்மோன் குறையும் வயதிலும் சுரப்பிக்குள் டி.எச்.டி. பெரிதாகக் குறைவதில்லை.

இந்த நொதியின் முக்கியத்துவம் உலகுக்குத் தெரியவந்த கதை உங்களைப் போன்ற ஆசிரியருக்குப் பிடிக்கும். டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போல் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பரேட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரும் குழுவினரும் 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: பிறவியிலேயே 5-ஆல்பா ரிடக்டேஸ் குறைபாடு. அந்த ஆண்களுக்குத் தசை வந்தது, குரல் உடைந்தது. ஆனால் வளர்ந்த பிறகும் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது, தலையில் வழுக்கையும் விழவில்லை. அந்தக் குறைபாட்டை மருந்தால் உண்டாக்க முடியுமா என்று யோசித்ததன் விளைவுதான் ஃபினாஸ்டிரைடு. அமெரிக்காவில் 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமும் அனுமதி பெற்றன. நீங்களும் மகனும் வெவ்வேறு நோய்க்கு வெவ்வேறு மருந்து சாப்பிடுவதாக நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே நொதியை அடைப்பவை. ஃபினாஸ்டிரைடு அந்த நொதியின் இரண்டாம் வகையை அடைக்கிறது. உங்கள் டுட்டாஸ்டிரைடு முதல் வகையையும் சேர்த்து அடைக்கிறது. ரத்தத்தில் டி.எச்.டி. முதல் மருந்தால் 70 விழுக்காடு அளவும், இரண்டாவதால் 90 விழுக்காட்டுக்கு மேலும் இறங்கும்.

சரி, டி.எச்.டி. இருக்கிறது, அது எப்படி வளர்ச்சியாகிறது? இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ஹார்மோன் நேராகச் சுரப்புச் செல்லிடம் போய் ‘பெருகு’ என்று சொல்வதாக நினைக்கிறார்கள். புராஸ்டேட்டில் இரண்டு குடிகள் உண்டு. ஒன்று, திரவத்தைச் சுரக்கும் எபிதீலியச் செல்கள். மற்றொன்று, அவற்றைச் சூழ்ந்திருக்கும் இணைப்புத் திசுவும் மென்தசையும். டி.எச்.டி. தயாராவது பெரும்பாலும் இந்த இரண்டாம் குடியில். அங்கே டி.எச்.டி.யோடு இணைந்த ஏற்பி உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் அமர்ந்து, சில மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. அதன் பலனாக வெளியே வருபவைதான் வளர்ச்சிக் காரணிகள்.

அவற்றில் எஃப்.ஜி.எஃப்.-7 ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதைத் தயாரிப்பது இணைப்புத் திசு. அதைப் பெறும் ஏற்பி இருப்பதோ எபிதீலியச் செல்லின் மேல். அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏற்பி விழித்ததும் செல்லுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரதங்கள் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு செய்தியைக் கடத்துகின்றன. ராஸ்–மேப் கைனேஸ் என்ற பாதை ‘பிரி’ என்கிறது, பி.ஐ.3.கே.–ஏ.கே.டி. என்ற பாதை ‘சாகாதே’ என்கிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்.-உம் இதே பாதைகளில் கை கோக்கிறது. தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே மேடையில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இரட்டை வேடக்காரரும் உண்டு. எபிதீலியச் செல்லின் பெருக்கத்தை அது தடுக்கிறது. இணைப்புத் திசுச் செல்லையோ தசைத் தன்மையுள்ள, சுருங்கும் செல்லாக மாற்றுகிறது. நாள்பட்ட அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் விடும் இன்டர்லூக்கின்-8 போன்றவை இணைப்புத் திசுவை மேலும் கிளறிவிடுகின்றன. வயது ஏற ஆண்களிடம் ஆண்ட்ரோஜனுக்கு எதிரில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் பங்கு ஒப்பளவில் கூடுவதும் இணைப்புத் திசுவுக்குச் சாதகம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுரப்பி பெரிதாவதற்குச் செல்கள் வேகவேகமாகப் பிறக்க வேண்டியதில்லை. சாக வேண்டியவை சாகாமல் இருந்தாலே போதும். பிறப்பும் இறப்பும் சமன் தவறிய கணக்கு இது. அதனால்தான் இத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறது.

கருவியல் பாடத்தில் ஜெர்மன் உயிரியலாளர் ஸ்பீமனின் தூண்டல் பரிசோதனையை நீங்கள் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள்: ஒரு திசு, பக்கத்துத் திசுவை ‘இதுவாக மாறு’ என்று ஏவுகிறது. கருவில் புராஸ்டேட் உருவாவதும் அப்படித்தான். முதுமையில் அதே பழைய தூண்டல் மீண்டும் விழித்துக்கொள்கிறது என்பதே புராஸ்டேட்டின் மண்டலங்களை வகுத்த ஜான் மெக்னீல் 1970-களில் முன்வைத்த கருத்து. வீக்கத்தின் முடிச்சுகள் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள இடைநிலை மண்டலம் என்ற சிறு பகுதியில் மட்டும் தோன்றுவதை அவர்தான் காட்டினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கருத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

பெருகுவதெல்லாம் புற்றுநோயா

இல்லை. புராஸ்டேட் வீக்கம், புற்றுநோய் இரண்டிலும் சமிக்ஞைப் பாதைகள் பொதுவாக இருப்பது உண்மை. ராஸ் பாதை உங்கள் கையில் மண்வெட்டி பட்ட காயம் ஆறும்போதும் வேலை செய்கிறது. வீக்கத்தில், வெளியிலிருந்து வரும் ஆணைக்குச் செல் கீழ்ப்படிகிறது; ஆணை குறைந்தால் அதுவும் அடங்குகிறது. டுட்டாஸ்டிரைடு ஆறு மாதம் முதல் ஓராண்டில் சுரப்பியை ஏறத்தாழ கால் பங்கு சுருக்குவதே இதற்குச் சாட்சி. புற்றுநோய்ச் செல்லுக்குள்ளோ மரபணுவே உடைந்திருக்கும். 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மாற்றத்தில், ஆண்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்ட டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணுவின் விசை, இ.ஆர்.ஜி. என்ற வளர்ச்சி மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்கள் பலவற்றில் இதைக் காணலாம். மேலும், புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது சுரப்பியின் வெளி மண்டலத்தில். வீக்கம் தோன்றுவது உள்ளே. வீக்கம் முற்றிப் புற்றுநோயாவதில்லை.

ஆனால் ஒரே ஆளுக்கு, ஒரே வயதில், இரண்டும் தனித்தனியாக வர முடியும். அதனால் ‘வீக்கம்தான், பயமில்லை’ என்ற ஆறுதலோடு பி.எஸ்.ஏ.வை மறந்துவிடவும் கூடாது. இதை உங்களிடம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

3.1 என்ற எண்

பி.எஸ்.ஏ.வைச் சுரக்கும் மரபணுவும் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. டி.எச்.டி.யை அடைத்தால் பி.எஸ்.ஏ.வும் இறங்கும்: ஆறு மாதம் முதல் ஓராண்டில் ஏறத்தாழ பாதியாக. எனவே டுட்டாஸ்டிரைடு சாப்பிடுபவரின் பி.எஸ்.ஏ.வை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். உங்கள் 3.1 உண்மையில் 6.2-க்குச் சமம். ‘4-க்குள் இயல்பு’ என்ற வரி இந்த மருந்து சாப்பிடாதவர்களுக்கு எழுதியது. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது ஆய்வக இயந்திரத்துக்குத் தெரியாது. தாளில் சிவப்பு எழுத்து வராததைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியம், எண் போகும் திசை. 5.8 என்பது 2.4-க்கு இறங்கியது, எதிர்பார்த்தபடியே. அந்த அடிமட்டத்திலிருந்து மறுபடி 3.1-க்கு ஏறியிருக்கிறது. இந்த மருந்தில் இருக்கும்போது அடிமட்டத்திலிருந்து உறுதியாக ஏறும் எந்த ஏற்றத்தையும், எண் சிறியதாக இருந்தாலும், விசாரித்தே ஆக வேண்டும். ‘மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதால்தான் ஏறியது’ என்று நீங்கள் சொல்லலாம், ஓரளவு இருக்கலாம். ஆனால் டுட்டாஸ்டிரைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து வாரம் பிடிக்கும். ஒன்றுவிட்ட நாள் போட்டாலும் ரத்தத்தில் கணிசமான மருந்து இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் முழுப் பழியையும் விட்டுப்போன கேப்ஸ்யூல்களின் தலையில் கட்ட முடியாது.

பயப்படச் சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். செய்ய வேண்டியது இதுதான்: முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இல்லையென்றால், முன்பு எடுத்த அதே ஆய்வகத்தில் சில வாரங்களில் மீண்டும் பி.எஸ்.ஏ. அதற்கு முன் இரண்டு நாள் சைக்கிள் மிதிப்பதும் உடலுறவும் வேண்டாம். உங்கள் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் மூன்று எண்களையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விரலால் சோதித்துப் பார்ப்பார். ஏற்றம் உறுதியானால் எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் திசு எடுத்துப் பார்ப்பார்.

ஒரே கேப்ஸ்யூலில் இரண்டு மருந்து

மாத்திரை போடாத இரவில் சிறுநீர் தடைபடுவதாகவும், ‘உடம்பு மருந்துக்கு அடிமையாகிவிட்டது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடிமைத்தனம் இதில் இல்லை. அந்த ஒரு கேப்ஸ்யூலுக்குள் வேகத்திலும் வேலையிலும் ஒட்டுறவில்லாத இரண்டு மருந்துகள் இருக்கின்றன. டுட்டாஸ்டிரைடு வளர்ச்சிச் சமிக்ஞையின் ஊற்றை அடைக்கிறது. மாதக் கணக்கில்தான் பலன் தெரியும். டாம்சுலோசினோ வளர்ச்சியைத் தொடுவதே இல்லை. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலும் உள்ள மென்தசையில் ஆல்பா-1ஏ என்ற ஏற்பி இருக்கிறது. நரம்பு முனையில் சுரக்கும் நார்அட்ரினலின் அதைத் தொட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை இறுகும். டாம்சுலோசின் அந்த ஏற்பியை மறைத்துத் தசையைத் தளர்த்துகிறது. சில நாளிலேயே சுகம் தெரியும். மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் போய்விடும். நீங்கள் மாத்திரை விட்ட இரவில் உணர்வது இதைத்தான்.

சென்ற ஆண்டு நோம்பியில் நடந்ததும் இப்போது புரியும். சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபீனைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை இதே ஆல்பா ஏற்பியை எதிர்த்திசையில் தூண்டி வாயிலை இறுக்குகின்றன. கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பையின் தள்ளும் தசையைச் சோர வைக்கிறது. முன்னே இறுக்கமும் பின்னே சோர்வும் சேர்ந்தால் அடைப்புத்தான். இனி எந்தச் சளி மாத்திரை வாங்கினாலும், கடைக்காரரிடம் புராஸ்டேட் வீக்கம் இருப்பதைச் சொல்லுங்கள்.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஆல்பா ஏற்பியை அடைக்கும் டாக்சசோசினும் ஃபினாஸ்டிரைடும் சேர்ந்தபோது, நோய் முற்றும் வாய்ப்பு 66 விழுக்காடு குறைந்தது. தனித்தனியாகக் கொடுத்தபோது அதில் பாதியளவுதான். 58 கிராம் சுரப்பியும் ஒருமுறை அடைத்த வரலாறும் உள்ள உங்களுக்கு இந்தச் சேர்க்கை பொருத்தமே.

வளர்ச்சிக் காரணிகளையே நேராக அடைத்தால் என்ன என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எஃப்.ஜி.எஃப்.-7 உங்கள் புராஸ்டேட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. வாய், குடல், தோல் எல்லாம் புதுப்பித்துக்கொள்ள அதை நம்பியிருக்கின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் புண்ணாகாமலிருக்க அதே காரணியையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. எஃப்.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் எர்டாஃபிட்டினிப் என்ற மருந்து 2019 முதல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பயன்படுகிறது. வாய்ப்புண், நகம் கழல்வது, ரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவது, கண் பாதிப்பு எல்லாம் அதோடு வரும். உயிருக்கு ஆபத்தான நோயில் அதைச் சகித்துக்கொள்ளலாம். இரவில் மூன்று முறை எழுந்து போவதற்காக யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள்.

நீங்கள் கூச்சத்தோடு எழுதிய பத்தி

ஆசை குறைந்ததையும் விந்து குறைந்ததையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக்கியதில் இரண்டு பக்கமும் நட்டம்: பக்கவிளைவும் போகவில்லை, பலனும் குறைந்தது. ஆசைக் குறைவுக்கு டுட்டாஸ்டிரைடு காரணமாக இருக்கலாம். விந்து குறைவதற்கு இரண்டு மருந்தில் எதுவும் காரணமாகலாம்; டாம்சுலோசினால் விந்து வெளியே வராமல் போவது நன்கு அறிந்த விளைவு, உடலுக்குக் கெடுதல் இல்லை. இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் அடைந்து கிடக்கும்போது குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. சேர்க்கைக் கேப்ஸ்யூல்கள் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான். தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். சிறுநீர்ச் சிரமத்துக்கும் விறைப்புக்கும் சேர்த்து உதவும் தடாலஃபில் 5 மில்லிகிராம் என்ற வழியும் உண்டு. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. டாம்சுலோசினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். டுட்டாஸ்டிரைடை நிறுத்துவது என்று முடிவானால், சுரப்பி சில மாதங்களில் பழைய அளவை நோக்கி வளரும் என்பதைத் தெரிந்தே முடிவெடுங்கள்.

இடையில் இன்னொரு சந்தேகம். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுவதாகவும், மாலையில் கணுக்கால் வீங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பகலில் காலில் தேங்கிய நீர், இரவில் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிவிடும். மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி போனது என்று அளந்து எழுதுங்கள். இரவில் அளவே அதிகமாக இருந்தால், புராஸ்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அழுத்த மாத்திரையை மாற்றுவது பற்றி அந்த மருத்துவரிடம் பேசலாம். ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

மச்சான் சொல்வதும் பங்காளி தருவதும்

அடிக்கடி அடைப்பு, சிறுநீர்ப்பையில் கல், மீண்டும் மீண்டும் தொற்றோ ரத்தமோ, சிறுநீரகத்தில் நீர்த்தேக்கம், மருந்துக்கு அடங்காத சிரமம் – இவற்றில் ஒன்றிருந்தால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்கு நடந்தது மாத்திரையால் தூண்டப்பட்ட ஒரே ஓர் அடைப்பு. சிறுநீர் வேகச் சோதனையும், கழித்தபின் பையில் மிச்சம் எவ்வளவு என்ற ஸ்கேனும் எடுத்த பிறகு பேசலாம். ‘அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்தது’ என்பதும் சரியில்லை. உள்ளே சுரண்டியெடுத்தாலும் லேசரால் எடுத்தாலும் புராஸ்டேட்டின் வெளி மண்டலம் அப்படியே இருக்கும், பி.எஸ்.ஏ. கண்காணிப்பு தொடரும். விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போவது இந்த அறுவைகளுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு நடப்பது. உங்கள் குறையே அதுதான் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நெருஞ்சில் கஷாயம் டுட்டாஸ்டிரைடு செய்யும் வேலையைச் செய்யும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. மேல்நாட்டில் இதே நம்பிக்கையோடு சாப்பிட்ட சா பால்மெட்டோ என்ற பனைப்பழச் சாற்றை 2006-இலும், மூன்று மடங்கு அளவு வரை கொடுத்து 2011-இலும் சோதித்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. கஷாயம் குடித்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

அந்தக் கடைசிப் பக்கம்

கண்: புராஸ்டேட்டில் இருக்கும் அதே ஆல்பா-1ஏ ஏற்பி கண்ணின் பாவையை விரிக்கும் தசையிலும் இருக்கிறது. டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்குக் கண்புரை அறுவையின் நடுவே கருவிழித்திரை துவண்டு, பாவை சுருங்கிவிடக்கூடும் என்பதை 2005-இல் இரண்டு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் விவரித்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கான மருந்தையும் சிறு வளையத்தையும் தயாராக வைத்திருப்பார். தெரியாமல் போனால்தான் சிக்கல். சில நாள் முன்பு நீங்களாக நிறுத்துவது பாதுகாப்புத் தராது. மீண்டும் சிறுநீர் அடைப்பதுதான் மிச்சமாகும்.

மருமகள்: கருவில் உள்ள ஆண் குழந்தையின் வெளியுறுப்பு உருவாக டி.எச்.டி. வேண்டும். அந்த டொமினிக்கன் கிராமத்துக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். டுட்டாஸ்டிரைடு தோல் வழியாக உள்ளே போகக்கூடியது. இதுவரை முழுக் கேப்ஸ்யூலைத்தான் தொட்டிருப்பார். உடையாததைத் தொட்டதால் பதற வேண்டியதில்லை. இனி அந்தப் பெட்டியை நீங்களே நிரப்புங்கள். ஒழுகியதைத் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். மகனின் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை அவர் உடைத்தோ பொடித்தோ தரவும் கூடாது. இதைச் சாக்காக வைத்து வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கும் பேச்சு வீட்டில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

ரத்ததானம்: நீங்கள் கொடுக்கும் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். டுட்டாஸ்டிரைடை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை ரத்தம் கொடுக்கக் கூடாது. ஃபினாஸ்டிரைடு சாப்பிடும் மகனுக்கு ஒரு மாத இடைவெளி வேண்டும். இந்த மருந்து தொடங்கிய பிறகு ஏற்கனவே கொடுத்திருந்தால், அந்த ரத்த வங்கிக்குத் தேதியைச் சொல்லிவிடுங்கள். இந்த ஆண்டு முகாமில் பெயர் எழுதும் மேசையில் நீங்கள் உட்காருங்கள். வரிசையில் நிற்கும் நடுவயது ஆண்களிடம் “புராஸ்டேட்டுக்கோ முடிக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா” என்று தனியாகக் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் மறைக்க மாட்டார்கள்.